கெளுத்தி முள்

சனிக்கிழமை காலை தொட்டியில் ஒரு மீன் குறைந்தது. முதலில் பார்த்தவள் டைப்பிஸ்ட் சந்திரகலா. மேலாளர் குப்புராஜ் வருவதற்குள் ஃபிட்டர் ராஜவேலுவையும் அவனுடைய ஹெல்பர் துலுக்காணத்தையும் வரச்சொன்னாள்.

தொட்டி குப்புராஜின் அறையில் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் அந்தக் கம்பி ஆலை தொடங்கிய ஆண்டே அவர் அதைச் செய்யச்சொன்னார். நான்கு பக்கமும் கண்ணாடி, அடியில் இரும்புத் தகடு. தகட்டில் ஒரு துளை. துளையிலிருந்து ஓரங்குலக் குழாய் கீழே இறங்கி, வளைந்து, பலகைப் பெட்டிக்குள் இருந்த பம்புக்குப் போனது. குழாய் வேலை ராஜவேலுவுடையது. துளைமேல் ஒரு சல்லடை மூடி உண்டு.

இப்போது அந்த மூடி ஜன்னலில் இருந்தது. முந்தைய மாலை துலுக்காணம் அதைக் கழுவிக் காயவைத்தான். சங்கு ஊதியது. மூடியைத் திரும்பப் போடாமலே போய்விட்டான்.

"எது காணோம்?" என்றான் ராஜவேலு.

"கறுப்பு மீனு. மீசை வெச்சது," என்றாள் சந்திரகலா.

"தங்கமீனு போயிருக்கக் கூடாதா? அதுவே பார்த்துப் போயிக்கிது பாரு."

கறுப்பு மீனைக் குப்புராஜ் மூர் மார்க்கெட்டில் வாங்கினார். சிங்கப்பூர்க் கெளுத்தி என்று கடைக்காரர் சொன்னாராம். நான்கு அங்குலம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. வருகிறவர்களிடம் அதை மட்டும் காட்டுவார்.

துலுக்காணம் வேலைக்குச் சேர்ந்து அன்றோடு ஆறு மாதம் முடிந்தது. அவனை நிரந்தரமாக்கும் உத்தரவைச் சந்திரகலா வெள்ளிக்கிழமையே அடித்து மேசையில் வைத்திருந்தாள். குப்புராஜ் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் துலுக்காணம் திங்கட்கிழமை வர வேண்டியதில்லை. முன்பு மீன் பிடித்த ஏரிக்கும் திரும்ப முடியாது. அவனுடைய குப்பத்தில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். வேறு வேலைக்குப் போனவன் பெயரைச் சீட்டில் எழுதுவதில்லை. சித்திரையில் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். அண்ணன் சடையப்பன் பெயர் மட்டும் இருந்தது.

ராஜவேலு பம்பை நிறுத்தினான்.

"கம்ப்ரஸர் ஓஸ் கொண்டாந்து ஒரு ஊது ஊதினா வந்துடும்," என்றான்.

"வேணாண்ணே. ஊதினா முள்ள நிமித்திக்கும். அப்புறம் கொழா அறுத்தாத்தான் வரும்."

"உனுக்குத் தெரியுமா?"

"கெளுத்திண்ணே."

துலுக்காணம் மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தான். விரலால் தட்டிக்கொண்டே இறங்கினான். வளைவுக்குக் கீழே கரகரவென்று சத்தம் வந்தது.

"இங்க இருக்குது. கத்துது."

"மீனு எங்கனா கத்துமாடா?"

"கெளுத்தி கத்தும்."

சந்திரகலாவும் குனிந்து காது வைத்தாள். "ஆமாங்க, கத்துது," என்றாள்.

அப்போது குப்புராஜ் வந்தார். திருவள்ளூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். பொதுவாகக் குரலை உயர்த்தமாட்டார். தொட்டியைப் பார்த்தார், ஜன்னலில் இருந்த மூடியைப் பார்த்தார்.

"யார் கழட்டினது?"

ராஜவேலு தொட்டியைப் பார்த்தான்.

"நாந்தான் சார்," என்றான் துலுக்காணம்.

குப்புராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எடுங்க," என்றார்.

தொட்டித் துளையைத் துணியால் அடைத்தார்கள். ராஜவேலு வளைவுக்குக் கீழிருந்த இணைப்பைக் கழற்றினான். குழாயில் இருந்த தண்ணீர் வாளியில் இறங்கியது. மீன் இறங்கவில்லை. குழாய் வாயில் இரண்டு மீசைகள் தெரிந்தன, பிறகு தலை.

ராஜவேலு தலையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை.

"இழுக்காதண்ணே. பக்கத்து முள்ளு ரெண்டும் வெறச்சிக்கினு கீது. பூட்டிக்கும்."

"பூட்டுக்கு சாவி வெச்சிக்கிறியா?"

துலுக்காணம் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினான். சந்திரகலாவைக் குவளையால் மீன் தலைமேல் தண்ணீர் ஊற்றச்சொன்னான். ஈர்க்குச்சியைச் செவுளை ஒட்டிச் செலுத்தி, இடப்பக்க முள்ளின் அடியை அழுத்தினான். முள் மடிந்தது. வலப்பக்கம் நேரம் எடுத்தது. முதல் குச்சி முறிந்தது. இன்னொன்றை உருவினான். கம்பி இழுக்கும் எந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டாவது முள்ளும் மடிந்தது. மீன் வழுக்கிக்கொண்டு அவன் உள்ளங்கைக்கு வந்தது. முழுசாக இருந்தது. மீசை ஆடியது.

"வந்துட்டுது!" என்றாள் சந்திரகலா.

குப்புராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

துலுக்காணத்தின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முதுகு முள்ளைப் பிடித்து ஒடித்தன. டிக். இடப்பக்கம், டிக். வலப்பக்கம், டிக். மூன்றும் தரையில் விழுந்தன. வலையில் கெளுத்தி வந்தால் கூடைக்குப் போகும் முன் முள் ஒடிபட வேண்டும். குத்தினால் கை இரண்டு நாள் வீங்கும். எட்டு வயதிலிருந்து அவன் கை அதைச் செய்து வந்தது.

மீனைத் தொட்டியில் விட்ட பிறகுதான் அவன் தரையைப் பார்த்தான்.

"என்னய்யா பண்ணினே?" என்றார் குப்புராஜ்.

"முள்ளு சார்."

"அதான், எதுக்கு ஒடிச்சே?"

"குத்தும் சார்."

ராஜவேலு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

கெளுத்தி சாய்ந்து நீந்தியது. மூன்று இடத்தில் நூலாக ரத்தம் கரைந்தது. பிறகு அடித்தகட்டில் படுத்துக்கொண்டது. செவுள் திறந்து மூடியது.

"பொழைக்குமா?"

துலுக்காணம் யோசித்தான். "தெரியாது சார்."

"பொறந்ததுலேருந்து கெளுத்தி பிடிக்கிற. தெரியாதா?"

"முள்ள ஒடிச்சா கூடையில போட்டுடுவோம் சார். அப்புறம் அது எம்மாம் நேரம் இருக்கும்னு யாரும் பார்த்ததில்ல."

குப்புராஜ் மேசைக்குப் போனார். உத்தரவை எடுத்துப் படித்தார். கையெழுத்துப் போடாமல் அதன்மேல் கல்லை வைத்தார்.

"தெரிஞ்சுகினு வா. திங்கக்கெழம சொல்லு."

ஞாயிறு விடியலில் துலுக்காணம் ஏரிக்கரைக்குப் போனான். சடையப்பன் படகை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு கெளுத்தி குடுண்ணே. முள்ளோட."

"வேலைக்குப் போனதும் முள்ளோட திங்க ஆரம்பிச்சிட்டியா?" என்றான் சடையப்பன். கையளவு மீன் ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

துலுக்காணம் கரையிலேயே மூன்று முள்ளையும் ஒடித்தான். பானையில் ஏரித் தண்ணீர் மொண்டு மீனை விட்டான். பானையை வீட்டுக்குள் வைத்து எதிரில் உட்கார்ந்தான்.

அவன் மனைவி செண்பகம் இரண்டு முறை தாண்டிப் போனாள். மூன்றாம் முறை நின்றாள்.

"இன்னாயா, கொழம்பு மீனுக்கு வைத்தியம் பார்த்துக்கினு கீற?"

"சாவுதா இல்லியான்னு பார்க்கிறேன்."

"சாவலன்னா?"

"வேலை கெடைச்சாலும் கெடைக்கும்."

"நல்ல கம்பெனி," என்றாள்.

மதியம் மீன் அடியில் கிடந்தது. சாயங்காலம் எழுந்து பானையை ஒரு சுற்று வந்தது. விளக்கை அணைக்கும் முன் பார்த்தான். செவுள் அசைந்தது.

காலையில் பானை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"மீனு எங்க?"

"அடுப்புல."

"செத்துப்போச்சா?"

"செத்தத எவ ஆக்குவா? ஆயறப்போ கைய விட்டுத் துள்ளிக்கினு ஓடிச்சு," என்றாள் செண்பகம். சோற்று டப்பாவை மூடிக் கொடுத்தாள்.

சைக்கிளில் ஆலைக்கு வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

குப்புராஜ் தொட்டியின் முன்னால் நின்றிருந்தார். கெளுத்தி ஒரு மூலையில் கிடந்தது. உயிர் இருந்தது. தங்கமீன் ஒன்று முட்டியபோது நகர்ந்து கொடுத்தது.

"சொல்லு."

"ஒரு நாளு ஒரு ராத்திரி இருந்திச்சு சார். நல்லாத்தான் இருந்திச்சு."

"அப்புறம்?"

"தெரியாது சார். ஊட்ல கொழம்பு வெச்சிட்டாங்க."

சந்திரகலா டைப் அடிப்பதை நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். குப்புராஜ் சிரிக்கவில்லை. உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். உத்தரவில் 'நிரந்தரமாக' என்ற சொல்லை அடித்தார். மேலே 'மேலும் மூன்று மாதங்களுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்த மீன் மூணு மாசம் இருக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

துலுக்காணம் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். போகவில்லை.

"இன்னும் என்ன?"

"இதுக்கு இன்னா தீனி சார் போடுறாங்க?"