ரிமூவர் வாசனை

என் பியூட்டி பார்லருக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனைதான். எங்களுக்கு அது பழகிவிட்டது. அதனால், என்னிடம் நகம் தீட்டும் வேலை பார்க்கும் என் தங்கை பக்கத்தில் வந்தபோது வாசனை கொஞ்சம் தூக்கலாக அடித்ததும், "பாட்டில ஒழுங்கா மூடுடி" என்று கத்தினேன். அவள் மூடித்தான் வைத்திருந்தாள்.

கைக்குழந்தைக்காரி. பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியவளை ஒரு வாடிக்கைக்காரி மேலும் கீழும் பார்த்து, "இன்னும் வயிறு இறங்கலையா?" என்று கேட்டுத் தொலைத்தாள். வந்தது வினை. அன்றிலிருந்து சோறு, ரொட்டி, பழம் எதையும் தொடுவதில்லை. முட்டையும் கீரையும்தான். "பால் குடுக்கிறவ இப்படிக் காயலாமா?" என்றால், "குழந்தை நல்லாத்தான் குடிக்குதுக்கா, நீ சும்மா இரு" என்பாள். பிடித்த பிடியை விடுகிற ரகமா அவள்?

விடுமுறையன்று அவள் வீட்டுக்குப் போனேன். காலையிலிருந்து வாந்தி என்றார் மாப்பிள்ளை. படுத்துக் கிடந்தவளுக்கு ஓடி வந்தவள்போல் மூச்சு வாங்கியது. "குடலைப் பிரட்டுதுக்கா" என்று அவள் வாயைத் திறந்ததும் அதே வாசனை. வீட்டில் ரிமூவர் பாட்டிலே கிடையாது. வாசனை அவள் மூச்சிலிருந்து வந்தது. அவளைக் கைகொடுத்துத் தூக்கினேன்.

"படுத்தா சரியாயிடும்க்கா."

"வாய மூடிக்கிட்டு வண்டியில ஏறு."

ஆஸ்பத்திரியில் சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது. நான் வாசனையைச் சொன்னதும் டாக்டரம்மா குனிந்து முகர்ந்தார்.

"தாய்ப்பால் குடுக்கறீங்களா? சோறு சாப்பிடறதில்லையா?"

தங்கை தலையாட்டினாள். பரிசோதனையில் ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது.

"பால் சுரக்க மாவுச்சத்து நிறைய வேணும்மா. நீங்க அதைச் சாப்பிடலைன்னா உடம்பு கொழுப்பை எரிச்சுத் தள்ளும், ரத்தம் அமிலமாயிடும். மூச்சுல இந்த வாசனை வர்றதும் அதனாலதான். இன்னும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றபடி குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். வெளியே மாப்பிள்ளை தோளில் குழந்தை பாலுக்கு வீரிட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

தேறி வந்துவிட்டாள். இப்போது தினமும் பார்லர் வாசலில் வழிமறித்து, "ஊது" என்பேன்.

"குடிகாரனப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறியேக்கா" என்று சிணுங்கிக்கொண்டே ஊதுவாள். சாப்பிட்ட வாசனை வந்தால்தான் உள்ளே விடுவேன்.

நேற்று அதே வாடிக்கைக்காரி வந்து உட்கார்ந்தாள். "வயிறு அப்படியேதான் இருக்கு போல?"

தங்கை நிமிரக்கூட இல்லை. வந்தவளின் விரலை இழுத்துப் பிடித்து நிதானமாகச் சாயம் தீட்டினாள்.

"ஆமாங்க, அப்படியேதான் இருக்கு. நானும் இருக்கேன்."