மூன்று சாக்பீஸ் கோடுகள்

தையற்காரர் துணி வெட்டிக்கொண்டிருந்தார். போட்ட கோட்டை விட்டுக் கத்தரி நூலிழை விலகாது. அதனால் ஊரில் அவருக்குப் பெயரே ‘அளவுக்காரர்’. அந்தப் பெயருக்கு ஏற்ற விறைப்பும் அவரிடம் உண்டு.

எதிரே தையல் மெஷினில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“அப்பா, அந்தக் கட்டி இன்னிக்குக் கீழ இறங்கியிருக்கு. படுத்தா மேல போகுது.”

“கட்டிக்குக் கால் முளைச்சிருக்கா? வெறும் வாயு.”

“இல்லப்பா, குறிச்சு வச்சிருக்கேன், பாருங்க.”

வேலை செய்யும்போது அவள் போட்டுக்கொள்ளும் நீல மேலங்கியில், வயிற்றுப் பக்கம் மூன்று வெள்ளைக் கோடுகள். மூன்று நாள், மூன்று இடம்.

“சாக்பீஸைப் பாழாக்காதே. தட்டி விடு.”

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். “ஏங்க, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமே?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “கல்யாணம் நிச்சயமான பொண்ணு. வயித்துல கட்டின்னா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. நம்ம குடும்பத்தைப் பார்த்து எவனும் விரல் நீட்டினதில்ல. கல்யாணம் முடியட்டும்.”

மகள் கோடுகளைத் தட்டிவிடவில்லை. மீண்டும் தைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் மதியம் மெஷின் மேலேயே அலறிச் சரிந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிடுமென்று அவர் முதலில் கடைக் கதவைத்தான் இழுத்துச் சாத்தினார். சோடா கொடுத்துப் பார்த்தார். ஆட்டோ வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

“மண்ணீரல் இடது விலாவுக்கு அடியில அசையாம இருக்கணும் பெரியவரே,” என்றார் ஆபரேஷன் முடித்து வெளியே வந்த டாக்டர். “ரொம்ப அபூர்வமா சிலருக்கு அதோட கட்டு தளர்ந்து வயித்துக்குள்ள அலையும். அதோட காம்பு முறுக்கிக்கிட்டா ரத்தம் போகாது. உங்க பொண்ணுக்கு அது அழுகிடுச்சு. எடுத்துட்டோம். ஆனா விஷம் உடம்பெல்லாம் ஏறியிருக்கு.” கழற்றி வைத்திருந்த மேலங்கியைப் பார்த்தார். “இந்தக் கோடெல்லாம் யார் போட்டது?”

“அவதான்.”

“நாங்க ஸ்கேன்ல பார்த்ததை அவ சாக்பீஸாலயே காட்டியிருக்கா. அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தா...” டாக்டர் மேலங்கியை அவர் கையில் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

மாதங்கள் கழித்து, ஒரு தாய் தன் மகளுக்குச் சட்டை தைக்கக் கடைக்கு வந்தாள். அளவு நாடா இடுப்பைத் தொட்டதும் பெண் முகம் சுளித்தாள்.

“வயிறு வலியாம். ஸ்கூலுக்கு மட்டம் போட நாடகம். நீங்க அளவெடுங்க,” என்றாள் தாய்.

அவர் நாடாவைச் சுருட்டி வைத்தார். ஆணியில் தொங்கிய நீல மேலங்கியில் மூன்று கோடுகளும் அப்படியே இருந்தன.

“அளவு அப்புறம் எடுக்கலாம்மா. முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஊரு துணியையெல்லாம் சரியா அளந்தவன் நான், என் பொண்ணு போட்ட கோட்டை நம்பல. மானத்தைக் காப்பாத்திட்டேன், அவளைக் காப்பாத்தல. வலிக்குதுன்னு பிள்ளை சொன்னா நம்புங்க. அதை விடப் பெரிய மானம் எந்த வீட்டுக்கும் கிடையாது.”