பஸ்தியாம்பிள்ளையும் மக–

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் விரல் வழுக்கிப் பிறந்தது. திருகோணமலையில் பதக்கமும் ஞாபகக் காசும் அடித்த ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். 'பஸ்தியாம்பிள்ளையும் மகனும்' என்று பட்டறையின் பெயரை எழுதும்போது னகரத்தின் இடத்தில் ளகரம் விழுந்து 'மகளும்' ஆனது. அழிக்கப் போனேன். அதற்குள் றீற்றா எழுந்து வந்துவிட்டாள்.

2

சுதந்திரம் கிடைத்த ஆண்டில் பள்ளிப்பிள்ளைகளின் சட்டைகளில் மின்னிய பதக்கங்கள் யாவும்

(வேண்டாம். பாடப்புத்தக வாடை.)

வெள்ளைக்காரரின் கப்பல்கள் விட்டுப் போன வருடத்தில் துறைமுகம் தூங்கி வழிந்தது. படகுப் பந்தயப் பதக்கங்களுக்கு ஆள் இல்லை. பஸ்தியாம்பிள்ளையின் ஒரே மகன் லெஸ்லியும் கப்பலேறிவிட்டான். மத்தியானங்களில் கடல் வெளிச்சம் கூரையில் நெளிய, மகள் றீற்றா பதக்கம் அடிக்கும் இரும்பு அச்சு வெட்டினாள். அச்சில் எழுத்து இடம்வலம் மாறி இருக்கவேண்டும். (அதனால் அவளுக்குக் கனவும் மாறித்தான் வரும்: படகுகள் பின்னோக்கிப் போகும், லெஸ்லியின் கப்பல் கரைக்குத் திரும்பும். அண்ணன் வந்தால் தன் இடம் என்னாகும் என்று பயந்து விழிப்பாள்.)

ஒவ்வொரு பதக்கத்தின் முதுகிலும் 'மகனும்'. அந்த மகன் உளியைத் தொட்டதே இல்லை. பாடு ஒருத்திக்கு, பேர் ஒருத்தனுக்கு.

3

பஸ்தியாம்பிள்ளையைக் கொடுமைக்காரத் தகப்பனாக்கப் பார்த்தேன். மனிதர் சம்மதிக்கவில்லை, மகளுக்குத் தன் கையால் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிறகு, கிண்ணியாப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அவள் வெட்டிய அச்சை மெழுகில் அழுத்தி வாசித்தார்.

"பிள்ளை, எழுத்துப் பிழைச்சுப் போச்சு."

"இல்லை பப்பா. தெரிஞ்சுதான் வெட்டினனான்."

"லெஸ்லி வந்திட்டானெண்டா?"

"வரட்டும். அப்ப 'மக்களும்' எண்டு வெட்டுவம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"அவன்ர பேரை நானே அழிச்ச மாதிரியெல்லே போயிடும்?"

"என்ர பேர் எப்பவாவது இருந்ததே, பப்பா?"

அச்சை எடுத்து உலையில் வைத்தார்.

4

முடிவு ஒன்று: மகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். முடிவு இரண்டு: அரத்தை எடுத்து எழுத்தை

இரண்டும் நான் கட்டிய கதை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சிவந்த அச்சை இடுக்கியில் பிடித்தபடி அவர் தண்ணீர் வாளிக்கு மேலே நிற்கிறார். தோய்த்தால் இரும்பு இறுகும்; 'மகளும்' என்பதை இனி எந்த உளியும் மாற்ற முடியாது. தானாக ஆறினால் மென்மையாகவே இருக்கும். சுரண்டி மகனைத் திரும்ப எழுதலாம். றீற்றா மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறாள்.

நான் வரிக்கு வரி எழுத எழுத அச்சு ஆறிக்கொண்டிருக்கிறது. ஆகவே நிறுத்துகிறேன். இனி நீங்கள் இடுக்கியைப் பிடியுங்கள்.