எலிசபெத்துக்கு எடுத்துவைத்த டப்பாக்கள்

என் தங்கை எலிசபெத்துக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. இந்த முறை ஏழாம் மாதம்வரை தங்கியிருக்கிறது. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் புருஷனுக்கோ சுடுதண்ணீர் வைக்கக்கூடத் தெரியாது. அதனால் இந்தத் தெலுங்கு ஊரின் ஒரு கோடியில், கொண்டாப்பூரில் நான் சமைப்பது, மறுகோடியில், உப்பலில் அவள் சாப்பிடுவது என்று ஏற்பாடு.

ஹோட்டல் சாப்பாடு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது, வாய்க்கும் விளங்காது. மொத்தமாக வாங்கி மொத்தமாகச் சமைத்தால் செலவு பாதிதான். ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குக் கிளம்பும் முன்பு அடுப்படியே கதியென்று கிடந்தேன். கோழிக்குழம்பு, தேங்காய்ப்பால் சொதி, கீரைக் கடைசல் எல்லாவற்றையும் ஆறவைத்து, வேளைக்கொரு டப்பாவாக ஃப்ரீசரில் அடுக்கினேன். ஊரிலிருந்து வந்ததும் வாராவாரம் கொடுத்தனுப்பலாம் என்று நினைப்பு.

கல்யாணம் முடிந்ததும், ஆபீஸ் இருக்கிறதென்று என் கணவர் டேனியல் முதலில் திரும்பிவிட்டார். நானும் மகள் ஷர்மிளாவும் சில நாள் கழித்து வந்தோம். சமையலறைத் தரை பளபளவென்றிருந்தது. விளக்குமாற்றைத் தொட்டே அறியாத மகராசன் கழுவித் துடைத்திருக்கிறார்! மெச்சியிருக்க வேண்டும். எனக்கென்னவோ சரியாகப் படவில்லை.

ஃப்ரீசரைத் திறந்தேன். டப்பாக்கள் கல்லாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. மூடிகளைச் சுற்றிக் குழம்பு கசிந்து உறைந்திருந்தது. சரியாக மூடாமல் வைத்தேனோ என்று என்னையே திட்டிக்கொண்டு, மறுநாள் காலையில் எலிசபெத்தின் பங்கைப் பையில் எடுத்துவைத்தேன்.

டேனியல் வாசலில் வந்து நின்றார். "அவளுக்குப் புதுசா ஏதாவது செஞ்சு அனுப்பலாமே."

"யாரு, நீங்க செய்வீங்களோ? எனக்கு ஆபீஸ் கெடையாதா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். பை உப்பலுக்குப் போனது.

ஞாயிறு மதியம் வீட்டுக்கும் ஒரு டப்பா கோழிக்குழம்பைச் சூடு பண்ணினேன். டேனியல் தனக்கு மோர் போதும் என்றார். கோழியென்றால் உயிரை விடுகிற ஆள்! "ஆகலி மம்மி" என்று தெலுங்கில் பசியைச் சொல்லிக்கொண்டே ஷர்மிளா சோற்றைப் பிசைந்தாள். முதல் வாய் எடுப்பதற்குள் அவர் எட்டித் தட்டைப் பிடுங்கிவிட்டார்.

பிள்ளை மிரண்டுபோனாள்.

"என்னங்க செஞ்சீங்க?"

"ஊருக்குக் கெளம்பும்போது மெயினை அணைச்சுட்டேன்."

வெளியூர் போனால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்கள் அவர் வீட்டில். யோசிக்காமல் கை தானாகப் போயிருக்கிறது.

"வந்து பாத்தா எல்லாம் உருகித் தண்ணியா கெடந்துச்சு. கெட்ட வாடை ஒண்ணும் வரலை. மறுபடியும் கரண்டைப் போட்டேன், உறைஞ்சுருச்சு. சொன்னா நீ கத்துவியேன்னு..."

"நல்லாத்தானே இருந்துச்சு? பெறகு இவ தட்டை எதுக்குப் பிடுங்குனீங்க?"

அவர் தட்டைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினார். அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

போனை எடுத்தேன். நாலைந்து மணி அடித்த பிறகு எலிசபெத் எடுத்தாள்.

"யக்கா, இப்பதான் சாப்பிட்டேன். அத்தானைக் கேட்டேன்னு சொல்லு. கோழிக்குழம்பு அவ்ளோ ருசி யக்கா, நேத்து ராத்திரியும் அதான்."

"ஒடம்பு எப்படிட்டி இருக்கு?"

"நல்லாருக்கேன். காலையில இருந்து வயித்தை லேசா இழுத்து இழுத்துப் பிடிக்கு. பிள்ளை பொரளுது போல," என்று சிரித்தாள்.