மலைக்குப் பின்னால் ஓடிய படம்

உலகத் திரைப்பட வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து பேனாவைக் கொஞ்சம் நிறுத்தவும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை மதியம் ஒன்றே முக்கால் மணிக்கு, திருவண்ணாமலை திருவூடல் தெருவில், சகாதேவனின் ரேடியோ ரிப்பேர் கடையில் வைத்து, தமிழ் சினிமாவின் தலைசிறந்த படைப்பு எது என்பது ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. முடிவு செய்தவர்கள் நான்கு பேர். கடைக்காரர் சகாதேவனின் கையில் சூடான பற்றவைப்புக் கம்பி இருந்ததால் அவர் மட்டும் கை தூக்கவில்லை.

எங்கள் தலைவர் சக்கரபாணி. தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க். ஃபைல்களைவிடப் படங்களை அதிகம் பைசல் செய்தவர். மதியச் சாப்பாட்டுக்கு அரசாங்கம் கொடுத்த அரை மணி நேரத்தை அவர் தாராளமாக ஒன்றரை மணி ஆக்கிக்கொண்டு, சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி எங்களுக்குத் தீர்ப்பு சொல்வார். ஜவுளிக்கடை தசரதன் ஆமாம் போடுவான். நான் தலையாட்டுவேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டென்று அப்போது நம்பியிருந்தேன்.

சபைக்கு ஒரே ஒரு சட்டம். "கொட்டகையில பார்த்தா அது அபிப்பிராயம். வீட்டுல பார்த்தா அது வேடிக்கை" என்பார் சக்கரபாணி. அவர் வீட்டிலும் டிவி இருந்தது. அதன் மேல் பூப்போட்ட துணி இருந்தது. செய்திக்கு மட்டும் துணியை எடுப்பதாகச் சொல்வார்.

இந்தச் சட்டத்தால் பத்து வருஷமாக வாய் கட்டப்பட்டிருந்தவர் பரசுராமன். மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விவசாயம். திங்கட்கிழமைதோறும் டவுனுக்கு வருவார். வந்த வேலை முடிந்ததும் கடை வாசல் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்பார். அவரால் படம் பார்க்க முடியாது. இரண்டு கறவை மாடுகள், சாயங்காலம் ஒரு கறவை, விடியற்காலை ஒரு கறவை. கல்யாணமான வாரம் பார்த்த படத்தோடு சரி. எப்போதாவது ஆசை தாங்காமல் வாயைத் திறப்பார்.

"நீ படம் பார்த்தியா?" என்பார் சக்கரபாணி.

"இல்லீங்க."

"அப்ப கேட்டுக்க."

கேட்டுக்கொள்வார். தானும் ஒரு நாள் ஒரு படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதை இவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே பேராசை அதுதான் என்பது அவர் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரியும்.

அந்த வருஷம் மல்லாட்டை நன்றாகக் காய்த்தது. டிவி வாங்கிவிட்டார். ஊரிலேயே முதல் டிவி. சகாதேவன் ஒரு சனிக்கிழமை முழுக்க அங்கே இருந்து, மூன்று குழாய்களை இணைத்துக் கூரை மேல் ஆன்டெனாவை நிறுத்திவிட்டு வந்தார். சென்னையிலிருந்து வருகிற படம் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்க வேண்டும், எப்படியோ இறங்கியது. மறுநாள் ஞாயிறு. அதற்கு மறுநாள்தான் நான் சொன்ன வரலாற்றுத் திங்கள்.

பரசுராமன் அன்று பெஞ்சில் உட்காரவில்லை. நின்றார்.

"நேத்து ஒரு படம் பார்த்தேனுங்க."

"வீட்டுலயா?" என்று மூக்கால் கேட்டார் சக்கரபாணி.

"ஆமாங்க, டிவியில. பழைய படம்." பெயரைச் சொன்னார். நான் இங்கே எழுத மாட்டேன். தயாரிப்பாளரின் பிள்ளைகள் சட்டம் படித்திருக்கிறார்களாம்.

"அதுவா! வந்தப்பவே மெட்ராஸ்ல மூணு தடவை பார்த்துட்டேன்" என்றார் சக்கரபாணி.

"நான் வேலூர்ல ரெண்டு தடவை" என்றான் தசரதன்.

ஒரு தடவை என்றேன் நான். எனக்கு அடக்கம் உண்டு.

பரசுராமன் முகம் மலர்ந்தது. "அப்ப உங்களுக்கே தெரியும். அந்த ரெட்டைப் பொறப்பு அண்ணன் தம்பியைப் பத்தித்தாங்க சொல்ல வந்தேன்."

சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லு. நீ எந்த அளவுக்குப் புரிஞ்சிக்கிட்டேன்னு பார்ப்போம்."

பரசுராமன் சொன்னார். அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"ரெட்டை வேஷம்னா ஒருத்தன் நல்லவன், ஒருத்தன் கெட்டவன், கடைசியில சேருவாங்கன்னுதானே நீங்க எல்லாரும் சொல்லுவீங்க? இதுல அப்படி இல்லீங்க. ரெண்டு பேரும் பிரியறதே இல்ல. அண்ணன் நடந்தா தம்பியும் ஒட்டினாப்புல நடக்கறான். அண்ணன் பேசறான், தம்பி வாய் அசைக்கறான், குரலை வெளிய விடறது இல்ல. கொஞ்சம் வெளுத்த ஆளு, சாது. அண்ணனுக்கு அடி விழுந்தா அவனுக்கும் வலிக்குது. அவங்களுக்குக் கட்டிவச்ச பொண்ணுங்களும் ரெட்டை. நியாயந்தானே? அம்மாவும் ரெட்டை. வம்சமே அப்படி. கடைசியில அண்ணன் செத்து விழறான் பாருங்க... தம்பி ஓடிப் போய்த் தூக்குவான்னு பார்த்தேன். தூக்கல. பக்கத்துலயே அவனும் சாஞ்சிட்டான். தனியா அனுப்ப மனசு வரலை. என் வீட்டுக்காரி பொன்னி அழுதுட்டா. மாடு கத்துது, எங்களுக்கு எழுந்திருக்கத் தோணலை."

எனக்குக் கைகளில் மயிர்க்கூச்செடுத்தது. பரிகாசமே பிழைப்பாகக் கொண்ட நானும் இப்படி ஒரு படத்தை மனிதன் எடுக்க முடியுமா என்று வியந்தேன். அதை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

சகாதேவன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "அந்தத் தம்பி எந்தப் பக்கம் நிப்பாரு?"

"எப்பவும் வலது பக்கங்க."

"சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி பற்றவைக்கக் குனிந்துகொண்டார்.

சக்கரபாணி எழுந்தார். "அந்தத் தம்பி யாரு தெரியுமா? ஆன்மா! முன்னால போறது தேகம். ஜீவாத்மாவும் பரமாத்மாவும் ஒரே ஃபிரேம்ல. நடுவுல ஒட்டு தெரியாம எடுத்திருக்கான் பாரு, மூணாவது தடவை பார்க்கறப்பதான் எனக்கே பிடிபட்டுது."

"வேலூர்ல ஜனங்க எழுந்து நின்னுட்டாங்க" என்றான் தசரதன்.

தலையாட்டினேன். ஒருமனதாக முடிவாயிற்று. சக்கரபாணி தன் நாற்காலியை இழுத்துப் பரசுராமனிடம் தள்ளி, "உக்காருங்க" என்றார். பத்து வருஷத்தில் முதல் 'ங்க'. பரசுராமன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் நம்ம வீட்டுக்கு வரணும். ஒண்ணா உக்காந்து பார்க்கலாம்" என்றார். சொந்தப் பேச்சில் தானே உருகிப் போயிருந்த சக்கரபாணி, சட்டத்தை மறந்து சம்மதித்தார். வியாழக்கிழமைக்குள் அந்த ஆன்மா விளக்கம் ஆசிரமம் பக்கம் போய், அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் அதை நோட்டில் எழுதிக்கொண்டதாகக் கேள்வி.

ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸில் போய் இறங்கினோம். கூடத்தில் ஐம்பது பேர் தரையில். எங்களுக்கு நாற்காலிகள். பரசுராமனின் மனைவி பொன்னி வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்து வைத்தார். டிவியில் ஒரு பெண் வந்து வணக்கம் சொன்னார். அவருக்கு வலது பக்கத்தில், கொஞ்சம் வெளுத்து, இன்னொரு பெண் வந்து வணக்கம் சொன்னார்.

"இந்தம்மாவும் ரெட்டைங்க" என்றார் பொன்னி. "டிவியில வேலைக்கு ரெட்டையா இருந்தாத்தான் எடுப்பாங்க போல."

சக்கரபாணியின் முகத்தில் புன்னகை வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அடுத்து வந்த உர விளம்பரத்தில் ஒரு டிராக்டருக்கும் ஆன்மா இருந்தது.

படம் ஆரம்பித்தது. வேறு படம், வேறு நடிகர். அவரும் ரெட்டை. தென்னை மரமும் ரெட்டை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன மகனுக்காகத் தாய் வாசலில் காத்திருக்கும் ஒரு காட்சி. அவள் அருகே வெளிறிய இன்னொரு தாய். இருவரும் ஒரே சமயத்தில் கண்ணைத் துடைத்தார்கள். கூடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நானும்தான்.

அந்த நேரம் பார்த்து சகாதேவன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். "நிழல் ஜாஸ்தியா அடிக்குது, இருங்க" என்று ஸ்பேனரோடு கூரை மேல் ஏறினார். குழாய் கிறீச்சிட்டது. திரையில் வெளுத்த தாய் நகர்ந்து நகர்ந்து, அசல் தாய்க்குள் நுழைந்து காணாமல் போனாள்.

"ஐயையோ! இன்னொரு அம்மா எங்க?" என்று பொன்னி அலறினார்.

கூரையிலிருந்து பதில் வந்தது. "இன்னொருத்தர் கிடையாதும்மா. நேரா ஒரு படம் வருது. மலையில மோதிட்டுக் கொஞ்சம் லேட்டா அதே படம் இன்னொண்ணு வருது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல விழுது. அவ்ளோதான்."

பரசுராமன் தலை குனிந்தார். பத்து வருஷத்து பெஞ்சு அவருக்கு அடியில் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். "அப்ப நான் சொன்னது எல்லாம் தப்புங்களா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். பிறகு எதையோ யோசித்து, மெல்லச் சக்கரபாணியின் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் கிண்டல் துளியும் இல்லை, பிரமிப்புதான் இருந்தது.

"ஆனா மெட்ராஸ் கொட்டகையில உங்களுக்கு எப்படிங்க ரெட்டையா தெரிஞ்சுது? அங்க ஏதுங்க மலை? மூணு தடவையுமா?"

ஐம்பது பேரும் திரும்பினார்கள்.

"வேலூர்ல மலை இருக்குது" என்று அவசரமாகச் சொன்னான் தசரதன்.

சக்கரபாணி ஒரு மல்லாட்டையை வெகு நேரம் உரித்தார். பிறகு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

அதற்குள் கூட்டம் இரைச்சலிட ஆரம்பித்திருந்தது. ஒரே ஒரு கதாநாயகன் தனியாக நின்று பாடுவதைப் பார்க்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, பழையபடியே திருப்பி வச்சிடுங்க!" என்று பொன்னி கூரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். குழாய் மறுபடி கிறீச்சிட்டது. தம்பி வந்து அண்ணன் பக்கத்தில் நின்றார். கைதட்டல்.

மறுநாள் சக்கரபாணிக்கு ஆபீஸில் வேலை இருந்ததாம். அவர் நாற்காலியில் பரசுராமன் உட்கார்ந்து, முந்தின நாள் பார்த்த இரட்டைத் தாயைப் பற்றிச் சொன்னார். நாங்கள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டோம்.

அந்த முதல் படத்தில் கதாநாயகன் ஒருவர்தானாம். நானும் அதைப் பார்த்ததில்லை.