கெப்ரே எழுந்த இடம்

வயிற்றெரிச்சலுக்குச் சோடா உப்பும் ஓமத் தண்ணீரும் கலந்து கொடுப்பதில் கம்பவுண்டர் தங்கையனை மிஞ்சத் திருவனந்தபுரத்தில் ஆள் கிடையாது. ஆனால் எல்லா எரிச்சலும் அந்த மருந்துக்குக் கேட்காது. சபையார் முன்னிலையில் ஞானசிகாமணியின் கழுத்தில் பிச்சிப்பூ மாலை விழுந்த நாளிலிருந்து தங்கையனுக்கு எரிந்ததே, அது அந்த ரகம் இல்லை.

இருவரும் டாக்டர் யோசுவாவின் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர்கள். ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், வேதக்கோயிலில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். கை மட்டும் வேறு வேறு. ஞானசிகாமணி கட்டுப் போட உட்கார்ந்தால், நோயாளி 'அம்மா' என்று வாயைத் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டு அனுப்பிவிடுவான். தங்கையனுக்கு அந்த அவசரமெல்லாம் ஆகாது. சிரங்கானாலும் சரி, எண்ணெய் தெறித்த புண்ணானாலும் சரி, முதலில் கழுவ வேண்டும். வெந்நீர், சோப்பு, மறுபடியும் வெந்நீர். வரிசை தெருவரைக்கும் நீண்டாலும் அவனுக்குக் கவலை கிடையாது. "என்னடே தங்கையா, புண்ணுக்கு ஞானஸ்நானமா குடுக்கே?" என்று டாக்டரே கேலி செய்வார்.

இத்தாலிக்காரன் அபிசீனியாவுக்குள் புகுந்த வருஷம் அது. காயம்பட்டவர்களுக்குக் கூடாரம் போட்டு மருந்து கட்டப் பம்பாயில் ஒரு தர்ம சங்கம் ஆள் திரட்டியது. சம்பளம் கிடையாது. போக்குவரத்தும் சாப்பாடும் மட்டும். டாக்டர் காலை ஜெபத்தில் இதைச் சொல்லி வாயை மூடவில்லை, தங்கையன் கையைத் தூக்கிவிட்டான். அடுத்த வாரமே தகரப்பெட்டி வாங்கினான். அபிசீனியா மலைக் குளிரில் பல் கிட்டும் என்று கேள்விப்பட்டு ஒரு கம்பளிச் சட்டையும் இரவல் வாங்கினான். மனைவி ரத்னாபாய் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் அவளே அந்தச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். எல்லாம் ஆன பிறகு டாக்டர் சொன்னார்:

"தங்கையன் போனா இங்க ஆருடே மருந்து கலக்குவா? சிகாமணி போட்டும். அவன் இல்லாம கொஞ்ச நாளு தள்ளிரலாம்."

நியாயத்தைக் கேட்டீர்களா! செக்கு நன்றாக இழுக்கிற மாட்டைச் செக்கிலேயே கட்டிப்போட்டுவிட்டு, மற்றதைத் திருவிழாவுக்கு ஓட்டிக்கொண்டு போகிற கதைதான். ஞானசிகாமணி கப்பலேறினான். தங்கையன் கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டே ஏறினான். கேட்டபோது கொடுக்காமல் இருக்க முடியுமா?

அதன் பிறகு தங்கையன் சாயங்காலம் தவறாமல் பப்ளிக் லைப்ரரியில் போய் உட்கார்ந்தான். பத்திரிகையில் வந்த ஊரையெல்லாம் தேசப்படத்தில் விரலால் தேடினான். ஏடன், ஜிபூட்டி, அங்கிருந்து ரயிலில் அடிஸ் அபாபா, பிறகு லாரியில் டெஸ்ஸி, அதற்கு மேல் வண்டி போகாத மலை, கோவேறு கழுதைதான். செஞ்சிலுவைக் கொடி கட்டிய கூடாரத்தின் மேலும் குண்டு போடுகிறார்கள், விமானத்திலிருந்து விஷத்தை மழை மாதிரி தெளிக்கிறார்கள் என்று ஒரு நாள் செய்தி வந்தது. அதைப் படித்தபோது தங்கையன் மனசின் ஏதோ ஒரு மூலையில், 'இவன் திரும்பி வராமலே போய்விட்டால்?' என்று ஒரு நினைப்புத் தலைகாட்டிற்று. அந்த நினைப்பில் துக்கம் மட்டும்தான் இருந்தது என்று அவனால் சத்தியம் செய்ய முடியாது. அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் நின்று ஜெபித்தான்.

ஞானசிகாமணி திரும்பி வந்தான். மெலிந்து கறுத்து, மழைக்காலத்தோடு வந்து சேர்ந்தான். கோயிலில் வரவேற்பு, மாலை, கேக், தேயிலைத் தண்ணீர். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் எழுந்து, "கர்த்தர் கொண்டுபோனாரு. கர்த்தர் கொண்டுவந்தாரு. ஸ்தோத்திரம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான் பிரசங்கம். தங்கையனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. 'மானம் போச்சு பார்' என்று நினைத்தான். ஆனால் போதகர் எழுந்து, "எப்பேர்ப்பட்ட தாழ்மை!" என்றார். பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. அதில் ஒரு முந்தானை ரத்னாபாயுடையது.

"எவ்வளவு கண்டிருப்பாரு, ஒரு வார்த்தை பெருமை உண்டா?" என்றாள் அவள், வீட்டுக்கு நடக்கும்போது. "நீங்களாயிருந்தா..." என்று தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். முடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஆஸ்பத்திரியில் இன்னொரு கூத்து. கட்டுப் போடுவதில் காற்றாய்ப் பறந்த ஞானசிகாமணி இப்போது ஒவ்வொரு புண்ணையும் கழுவ ஆரம்பித்திருந்தான். வெந்நீர், சோப்பு, மறுபடியும் வெந்நீர். 'பெயரைத்தான் தட்டிக்கொண்டு போனான் என்றால், இருக்கிற ஒரு தொழில் சுத்தத்தையும் பிடுங்கப் பார்க்கிறானே' என்று தங்கையன் பல்லைக் கடித்தான். அபிசீனியாவைப் பற்றி எத்தனை தடவை வாயைக் கிண்டினாலும் பதில் வராது. ஒரே ஒரு நாள், கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருக்கும்போது, கேட்காமலே சொன்னான்.

"கெப்ரேன்னு ஒருத்தன் உண்டும். எங்க கழுதைக்காரன். நல்லாப் பாடுவான். விஷம் தெளிச்ச புல்லுல நடந்து அவனுக்க காலு வெந்துபோச்சு."

"பின்ன?"

"பின்ன என்ன," என்று ஞானசிகாமணி அடுத்த துணியை எடுத்துவிட்டான்.

மாதம் ஒரு தடவை பொன்முடித் தேயிலை எஸ்டேட்டுக்குக் காய்ச்சல் மருந்தான கொயினா கொண்டுபோவது தங்கையன் வேலை. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள். சேதிக்குக் கால் முளைத்து மலைக்கும் ஏறியிருந்தது. கொழுந்து பறிக்கிற பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி சொர்ணம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள்தான் கேட்டாள்.

"ஒங்க ஆசுபத்திரியில ஒரு கம்பவுண்டரய்யா அபிசீனியா சண்டைக்குப் போயி மருந்து கெட்டிட்டு வந்தாவளாமே. அது நீங்கதானா?"

'இல்லை' என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்த மூச்சு வரவில்லை. "ஆமா," என்றான் தங்கையன்.

சொன்ன மாத்திரத்தில் பயந்தான். ஆனால் சுற்றிலும் நின்ற முகங்களைப் பார்த்ததும் பயம் எங்கோ போய்விட்டது. ஊர்ப் பெயர்களெல்லாம்தான் நாக்கின் நுனியில் இருந்தனவே! ஏடனில் தொடங்கினான். ரயிலில் ஏறினான். டெஸ்ஸியில் கூடாரம் அடித்தான். கெப்ரே வந்தபோது தங்கையனே மெய்ம்மறந்துவிட்டான். புல்லில் பனி மாதிரி விஷத் துளி, அதில் செருப்பில்லாமல் நடந்த கெப்ரே, சாயங்காலத்துக்குள் முழங்கால்வரை கொப்புளம். "எல்லாரும் களிம்பத் தூக்கிட்டு ஓடியாந்தானுவ. நான் விட்டேனா? நில்லுங்கடேன்னேன். மொதல்ல கழுவணும்! ஓடையில இருந்து குடங்குடமாத் தண்ணி. வெடியுற வரைக்கும் கழுவினேன்." கடைசியில் கெப்ரே எழுந்து நின்றான். தங்கையனைக் கழுதைமேல் ஏற்றி உட்கார வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் பாடிக்கொண்டே நடந்தான். என்ன பாட்டு என்று கேட்டார்கள். ஞானப்பாட்டு ஒன்றின் மெட்டில் ஏதோ ஒரு பாஷையைப் போட்டு அதையும் பாடிக் காட்டினான். சொர்ணம்மாள் விக்கி விக்கி அழுதாள். மடியிலிருந்து முட்டைகளை எடுத்துக் கொடுத்து, "இது அபிசீனியா அய்யாவுக்கு," என்றாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். தங்கையன் மாதக்கணக்கில் ஓட்டினான். மலையில் இருக்கும்வரை எரிச்சல் இல்லை, வயிறு பச்சைக்குழந்தை வயிறாக இருந்தது. கீழே இறங்கி ஞானசிகாமணியைப் பார்த்ததும் மறுபடியும் பற்றிக்கொள்ளும்.

அந்த வருஷம் லயத்தில் காய்ச்சல் அதிகம். டாக்டர், "இந்தத் தடவ ரெண்டுபேரும் போங்கடே," என்றார். "நான் ஒருத்தன் போதும் சார்," என்று தங்கையன் இழுத்துப் பார்த்தான். டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எஸ்டேட் லாரி ஒவ்வொரு வளைவாக ஏறியது. அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று தங்கையன் ஒவ்வொரு வளைவிலும் நினைத்தான். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மேலே போனதும் போகும். பிறகு டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது? கோயிலில் எந்தப் பெஞ்சில் உட்காருவது? எல்லாவற்றுக்கும் மேலே, ரத்னாபாய் பாதியில் நிறுத்திய அந்த வாக்கியத்தை இனி முழுசாகவே முடித்துவிடுவாள். ஞானசிகாமணி வெளியே பார்த்தபடி, "இந்த வளவு அங்கத்த ஒரு எடம் மாதிரியே இருக்குவே," என்றான்.

லாரி நின்றதும் சொர்ணம்மாள் கூவினாள். "அபிசீனியா அய்யா வந்துட்டாவ!" ஜனம் தங்கையனைச் சுற்றிக்கொண்டது. அவள் ஞானசிகாமணியை ஏற இறங்கப் பார்த்தாள். "இது யாரு, புதுசா சேந்த ஆளா?"

தங்கையன் தரையைப் பார்த்தான். பூமி பிளக்கவில்லை. அது அப்படியெல்லாம் கேட்டபோது பிளக்காது.

ஞானசிகாமணி அவனை ஒரு கணம் பார்த்தான். பிறகு மருந்துப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "ஆமாக்கா. சாருக்குப் பெட்டி தூக்க வந்தேன்," என்றான்.

இருவரும் ஆளுக்கொரு லயமாகக் காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போனார்கள். அந்தி மயங்கும் நேரத்தில் லயத்து முற்றத்தில் கதை கேட்கக் கூட்டம் கூடிவிட்டது. தலைவலி என்றான் தங்கையன். நாளைக்குப் பார்க்கலாம் என்றான். கூட்டத்தின் பின்னாலிருந்து ஞானசிகாமணியின் குரல் வந்தது.

"சொல்லும் ஓய். நானும் கேக்கட்டும்."

இனித் தப்ப வழியில்லை. இஞ்சி தின்ற குரங்கின் முகத்தோடு தங்கையன் தொடங்கினான். ஏடனை ஒரே தாவலில் தாண்டினான், ரயிலிலிருந்து பாதியிலேயே இறங்கிவிட்டான். கெப்ரேயின் பெயரை எடுக்காமலே கதையை முடிக்கப் பார்த்தபோது சொர்ணம்மாள் விடவில்லை. "கழுதக்காரன் காலு வெந்தத வுட்டுட்டியளே!" புல்லைச் சொன்னான், கொப்புளத்தைச் சொன்னான். "மொதல்ல கழுவணும்னேன்," என்றான். ஓடையிலிருந்து முதல் குடம் தண்ணீர் வந்தது. அப்போது ஞானசிகாமணி எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டான்.

எப்படிக் கதையை முடித்தான் என்று தங்கையனுக்கே தெரியாது. முடித்ததும் ஓடினான். கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பின்னால், குழாயடியில், ஞானசிகாமணி கையைக் கழுவிக்கொண்டு நின்றான். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

"சிகாமணி, தப்புத்தான்வே. டாக்டருட்ட சொல்லிரும். கோயில்லயும் சொல்லும். ரத்னாபாய்ட்ட மட்டும் நானே சொல்லிக்கிடுதேன்."

"கெப்ரே எந்திரிக்கல்லவே."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எண்ணெ பட்ட புண்ணு மாதிரின்னு நெனச்சேன். வெளிய வரிசையில ஆளுவ கெடக்கு. களிம்பத் தடவி இறுக்கிக் கெட்டிட்டு அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டேன். விஷம் கெட்டுக்க உள்ளயே இருந்து தின்னுது. அவன் பாட்ட நிறுத்தின பெறவுதான் திரும்பிப் பாத்தேன்." அவன் தங்கையன் பக்கம் திரும்பினான். "நீரு இங்கன நின்னு பொய் சொன்னீரே, அந்தப் பொய்யிலகூட நீரு கழுவினீரு. உமக்கு அது கையோட பொறந்தது. எனக்கு எம்புட்டுப் பொறாமயா இருந்துது தெரியுமா மக்கா? டாக்டர் உம்மத்தான் அனுப்பியிருக்கணும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத் தங்கையன் எத்தனை ஏங்கியிருப்பான்! டாக்டர் வாயில் வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறான், போதகர் வாயில் வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறான், ரத்னாபாய் வாயில் வைத்துப் பல நாள் கேட்டுப் பார்த்திருக்கிறான். இப்போது நிஜமாகவே வந்துவிட்டது. அதை எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

"போவும் ஓய். அந்த மலையில கழுவத் தண்ணிக்கு எங்க போக? கதையிலதான் ஓடையில தண்ணி ஓடும். நானா இருந்தாலும் களிம்பத் தடவிட்டு அடுத்த ஆளுக்குத்தான் போயிருப்பேன்."

பொன்முடியில் அவன் சொன்ன பொய்களில் பெரிய பொய் அதுதான். தனக்காகச் சொல்லாத பொய்யும் அது ஒன்றுதான்.

"நீரு கழுவியிருப்பீரு," என்றான் ஞானசிகாமணி.

லயத்துப் பக்கமிருந்து சொர்ணம்மாளின் குரல் கேட்டது. "அபிசீனியா அய்யா! சோறு ஆறிப்போவுது!"

ஞானசிகாமணி மெல்லக் கேட்டான். "நான் பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். அவன் எந்திரிக்கத நான் கேக்கல்ல. அந்த எடத்த எனக்கு ஒருக்காச் சொல்லும்."

தங்கையன் குழாயை மூடினான். பிறகு கழுவியதையெல்லாம் விட்டுவிட்டு, கெப்ரே எழுந்து நின்ற இடத்திலிருந்து தொடங்கினான்.