வெள்ளி பதினொரு மணித் தூதர்கள்

இரத்தினவேல் ஒஸ்லோவில், தூதர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவர். அவர் உறையிலிட்டு அனுப்பிய கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புறநகர் புருசெத்தின் மிக உயர்ந்த தொடர்மாடி வெட்கப்பட்டுக் குனிந்துவிடும். கடிதமென்றால் சும்மா கடிதமில்லை, நற்சான்றுப் பத்திரம். "இவர் என்னுடைய ஆள், இவர் சொல்வதை நம்புங்கள்" என்று நோர்வே மன்னர் எழுதிக் கொடுப்பது. அதைப் போகிற நாட்டின் தலைவர் கையில் கொடுக்கும்வரை தூதர் தூதரே இல்லை. பெட்டியோடு வந்திறங்கிய உல்லாசப் பயணிதான்.

2007 பெப்ரவரியோடு அவருக்கு ஓய்வு. கடைசி வேலையாக, சாந்தா விரேலாவுக்குப் போன நோர்வேத் தூதர்களின் பட்டியல் ஒரு பக்கத்தில் வேண்டுமென்று மேலிடம் கேட்டது. சாந்தா விரேலா கரிபியன் கடலில் இருக்கிறது. வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் தீவு காணாமல் போய்விடும். இரத்தினவேல் நாற்பத்தொரு பக்கத்தில் சரித்திரமே எழுதிவிட்டார்.

முதல் தூதர் இறங்குதுறையில் மக்களுக்குக் கையசைத்தபடியே பின்னால் நடந்து கடலுக்குள் விழுந்தார். இரண்டாமவருக்குத் தேங்காய் ஒத்துவரவில்லை, மூக்குக்கண்ணாடி போட இடமில்லாமல் முகம் வீங்கியது. மூன்றாமவர் முதல் வேலைநாளே மீன்பிடி அமைச்சரோடு மீனின் நீளத்தைப் பற்றிச் சண்டைபிடித்து, ஒன்பது கிழமையில் வீடு திரும்பினார். ஒஸ்லோப் பனிக்குத் தப்ப எல்லோரும் பெப்ரவரியில்தான் போனார்கள். தீவின் அரண்மனை வழக்கப்படி வியாழன் காலை ஒன்பது மணிக்குத்தான் எல்லோரும் கடிதம் கொடுத்தார்கள்.

1991இல் இரத்தினவேலுக்கு ஒன்று உறைத்தது. அங்கே ஒன்பதென்றால் ஒஸ்லோவில் பிற்பகல் இரண்டு. வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்றுவரை ராகுகாலம். அன்றே அரண்மனைக்கு எழுதி, விமான வசதி என்று ஒரு சாட்டுச் சொல்லி, சடங்கை வெள்ளி பதினொரு மணிக்கு மாற்றினார். ஒஸ்லோவில் அது மாலை நான்கு, ராகு எட்டியும் பார்க்காத நேரம். அதற்குப் பிறகு போன நான்கு பேரும் கொடிகட்டிப் பறந்தார்கள். ஒருவர் ஆறு வருடம் இருந்து, திரும்பும்போது விமானப் படியில் நின்று அழுதார். இன்னொருவர் ஒரு பள்ளிக்கூடத்தை நிரப்பும் அளவு குழந்தைகளுக்கு ஞானத்தகப்பனானார். அந்தப் புகழெல்லாம் தன்னுடையதென்று இரத்தினவேல் மனதுக்குள் வைத்திருந்தார்.

இந்த முறை புதிய தூதருக்கு உதவியாளராகப் போவது அவருடைய மகள் துஷ்யா. முதல் நியமனம். புதன்கிழமை விமானம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், மனைவி வசந்தமலர் குசினியில் நின்ற நேரம் பார்த்து, அவர் மகளுக்கு இரகசியத்தைச் சொன்னார்.

துஷ்யா கரண்டியை வைத்தாள். "அப்பா, நாங்கள் கடிதம் குடுக்கேக்கை அங்கை பதினொண்டு. ஓமோ?"

"ஓம். இஞ்சை நாலு. வெள்ளி நாலு மணிக்கு ராகுவுக்கு வேலை இல்லை."

"ராகு ஒஸ்லோ மணிக்கூட்டையே பாக்கிறவர்? நான் நிக்கிறது அங்கையெல்லோ."

இரத்தினவேல் விரல்விட்டு எண்ணினார். வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை ராகுகாலம். அங்கே பதினொன்று அதன் நடு வயிற்றில் கிடந்தது.

"அப்ப நல்ல நேரத்திலை நிண்ட ஆக்களை இழுத்துக்கொண்டுபோய் ராகுகாலத்துக்கை விட்டிருக்கிறியள். பதினாறு வருசமா."

"மெல்லக் கதை பிள்ளை. அம்மாக்குக் கேக்கும்."

துஷ்யா சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்தாள். அவர் பாதிச் சோற்றோடு கைகழுவினார். மற்றவர்கள் ஊரார் பிள்ளைகள். இது அவர் பெற்றது.

திங்கட்கிழமை அரண்மனைக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே செயலாளராக இருக்கும் அம்மாளை அவர் பார்த்ததில்லை, குரலை மட்டும் பதினாறு வருடமாகத் தெரியும். மறுபடி வியாழன் ஒன்பதுக்கு மாற்ற முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மாற்றலாம்தான், ஆனால் யோசித்துச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மாள். முந்தி வியாழனில் கடிதம் கொடுத்தவர்கள் வெள்ளி விடியவே கோப்புகளோடு அமைச்சுகளுக்குப் போனார்கள். யாரையும் தெரியாது, போனவுடன் வாக்குவாதம். நீங்கள் வெள்ளிக்கு மாற்றியபிறகு, சடங்கு முடிய, வெள்ளி மதியத்தோடு எல்லா அலுவலகமும் பூட்டிவிடும். செவ்வாய்வரை விமானமும் இல்லை. வந்த தூதரை என்ன செய்வது? கூட்டிக்கொண்டு திரிந்தோம். சனி நானூறு பேர் கூடும் கலியாண வீடு, ஞாயிறு கோயில், பிறகு யாராவது வீட்டில் மீன் சுடுவது. திங்கள் அவர் அமைச்சுக்குள் வரும்போது வாசற்காவலாளிக்கே அவரைத் தெரியும். நோர்வேக்காரர் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள் என்று நாங்கள் இன்றைக்கும் வியக்கிறோம்.

நோர்வேக்காரர் தொண்டையைச் செருமினார்.

இரத்தினவேல் ஊரைவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. நேரே ஒரு கண்ணாடி யன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றார், படிவம் நிரப்பினார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் ஒரு வீட்டுக்குள் அழைத்துக் கதிரை காட்டி ஒருவர் தேநீர் தர இரண்டு வருடம் சென்றது. அந்த இரண்டு வருடமும் ராகு எங்கே நின்றார் என்று அவர் பார்க்கவில்லை.

"வெள்ளி பதினொன்றே இருக்கட்டும்" என்று சொல்லி தொலைபேசியை வைத்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன், வரவேற்பறையில் துஷ்யாவின் பெட்டி திறந்து கிடந்தது. வசந்தமலர் பருப்பு வறுத்து மிளகாய்த்தூள் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை எத்தினை மணிக்குக் கடிதம் குடுக்கிறாள்?"

நான்கு என்று சொல்லியிருக்கலாம். பொய்யுமில்லை.

"அங்கத்தை நேரம் பதினொண்டு."

"வெள்ளிக்கிழமையோ?" நூலைச் சுற்றிய கை நின்றது. "தெரிஞ்சுகொண்டோ விடுறியள்?"

"ஓம்." கலியாண வீடு, கோயில், மீன், வாசற்காவலாளி என்று செயலாளர் அம்மாள் சொன்னதை அப்படியே சொன்னார். கலியாண வீட்டுக்கு வரும் கூட்டத்தை மட்டும் நானூறிலிருந்து நாலாயிரம் ஆக்கினார்.

வசந்தமலர் நூலை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"அந்த ரெண்டு நாளும் பிள்ளையைத் தனிய விடமாட்டினமோ?"

"மாட்டினம்."

"உறுதியாத் தெரியுமோ?"

"பதினாறு வருசமா ஒருத்தரையும் விடேல்லை."

அவள் எழுந்து அறைக்குள் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு காஞ்சிபுரம்.

"கலியாணத்துக்குக் காற்சட்டையோடை போய் நிக்கப்போறாள்" என்று சொல்லி, மிளகாய்த்தூளுக்கு மேலே அதை வைத்தாள். பெட்டி மூட மறுத்தது. இரத்தினவேல் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.